ஒட்டுப்போர்வைத் தையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில் சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடித் தைக்கிறோம். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைக் கேட்பதால், அவற்றுக்கான விடைகளை எழுதிவைக்கிறேன். பழம்புடவையை அடுக்கித் தைப்பதை என் பாட்டியிடமும், துண்டுத் துணிகளை இணைத்துத் தைப்பதைப் பக்கத்து வீட்டில் குடியிருந்த ஆங்கிலோ இந்திய ஆன்ட்டியிடமும் கற்றவள் நான். ஆகவே இவ்விரண்டு வழிகளும் இந்த விடைகளில் கலந்தே வரும்.

குவில்ட், காந்தா, ஒட்டுப்போர்வை என்று பல பெயர்கள் சொல்கிறார்களே, எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றுக்கு மேற்பட்ட துணி அடுக்குகள் நழுவாதபடி, மேலடுக்கிலிருந்து கீழடுக்கு வரை ஊடுருவும் தையலால் அவற்றைப் பிணைத்தால் அது குவில்ட். மேலடுக்கு ஒரே முழுத் துணியாக இருக்கலாம். சிறு துண்டுகளை இணைத்ததாகவும் இருக்கலாம். இரண்டாவது வகையைத்தான் நாங்கள் ஒட்டுப்போர்வை என்கிறோம். வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கி, ஊசியை மேலும் கீழுமாக நேராக ஓட்டிச் செல்லும் ஓட்டுத் தையலால் நிரப்புவது காந்தா. அந்தச் சொல்லும், "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்கிற நம் கந்தையும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை. மகாராஷ்டிரத்தில் இதைக் கோதடி என்றும், வட கர்நாடகத்தில் கவுதி என்றும், தெலுங்கில் பொந்த என்றும், சிந்து, கட்ச் பகுதிகளில் ரல்லி என்றும் சொல்வார்கள். சென்னையில் இத்தனை மொழிக்காரர்களும் அக்கம்பக்கத்தில் வாழ்கிறார்கள்; உங்கள் குடியிருப்பில் உள்ள பாட்டிமார்களிடம் கேட்டால் மூன்று பெயர்களாவது கிடைக்கும்.

சென்னை வெயிலில் இத்தனை அடுக்குப் போர்வை எதற்கு?

நியாயமான கேள்வி. நம் ஊரில் மார்கழியில்கூட இரவு வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. குளிர்நாட்டார் தைப்பதைப் போல நடுவில் தடித்த பஞ்சு வைத்துத் தைத்தால் அது பீரோவை விட்டு வெளியே வராது. ஆனால் குளிருக்காக மட்டும் இந்தத் தையல் பிறக்கவில்லை. உடுத்தித் தேய்ந்து மென்மையாகிப்போன நூல்புடவை தனியாக இருந்தால் கிழியும். நான்கு அடுக்காகச் சேர்த்துத் தைத்தால் இன்னும் இருபது ஆண்டுகள் உழைக்கும். தரையில் விரித்துப் படுக்கவும், குழந்தையைக் கிடத்தவும், ஏசி அறையில் போர்த்திக்கொள்ளவும், இரயில் பயணத்திற்கு மடித்து எடுத்துச் செல்லவும் அது ஏற்றது. மெல்லியதாக, பருத்தியில், எளிதில் துவைக்கக்கூடியதாகத் தைக்க வேண்டும் என்பதே நான் எல்லோரிடமும் வலியுறுத்துவது.

இது மேல்நாட்டுப் பொழுதுபோக்கு அல்லவா? நம் குடும்பப் பாரம்பரியம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இந்தக் கேள்விக்கு நீளமாகவே விடை சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் சென்னைக்கும் போர்வைத் துணிக்கும் உள்ள உறவு, இந்த நகரத்தின் வயதையே உடையது.

1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு முதன்மையான காரணமே துணி வணிகம்தான். சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயமேற்றிய பருத்தித் துணிகள் கப்பலேறி இங்கிலாந்துக்கும் ஹாலந்துக்கும் சென்று அங்கே படுக்கை விரிப்புகளாகவும் போர்வைகளாகவும் ஆயின. அவற்றில் இருந்த பூவையும் பறவையையும் கத்தரித்து வேறொரு துணியின் மேல் பதித்துத் தைப்பது அங்குள்ள பெண்களின் விருப்பமான வேலையாகவே வளர்ந்தது. இந்தத் துணிமேல் இருந்த மோகம் உள்ளூர் நெசவாளர்களைப் பாதித்ததால், 1721-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அச்சிட்ட பருத்தித் துணிகளை உடுத்துவதையும் படுக்கைக்குப் பயன்படுத்துவதையும்கூடச் சட்டம் போட்டுத் தடுத்தது. இந்தத் துணி ஏற்றுமதியின் தேவைக்காகவே இங்கே நெசவாளர் குடியிருப்புகள் எழுந்தன. 1734-இல் உருவான சின்னத் தறிப் பேட்டைதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. நாள்தோறும் பேருந்தில் கடக்கும் இந்தப் பெயர்களுக்குள் தறியும் துவைகல்லும் இருக்கின்றன.

கட்டம் போட்ட மெட்ராஸ் துணியின் கதையும் உண்டு. 1950களின் இறுதியில் அமெரிக்காவுக்குப் போன அந்தத் துணி, துவைத்ததும் சாயம் விட்டது. வாங்கியவர்கள் முதலில் கோபப்பட்டாலும், ஒவ்வொரு துவைப்பிலும் நிறம் குழைந்து புதிதாகத் தெரிவதே அதன் சிறப்பு என்று விளம்பரம் செய்யப்பட்டு, அது பெரும் புகழ் பெற்றது. பின்னர் பலவகைக் கட்டங்களைச் சதுரங்களாக வெட்டி இணைத்த துணியும், "மெட்ராஸ்" என்ற பெயரிலேயே அங்கே நாகரிகமாயிற்று.

இது வணிகத்தின் வரலாறு. வீட்டின் வரலாறு இதைவிட எளியது. பழம்புடவையில் தூளி கட்டினோம். பிறந்த குழந்தையைப் பாட்டியின் நூல்புடவையில்தான் ஏந்தினோம். கிழிந்த பாயின் ஓரத்திற்குத் துணி வைத்துத் தைத்தோம். போர்வையைச் சதுரம் சதுரமாக இணைக்கும் முறை வேறிடத்திலிருந்து வந்திருக்கலாம். பழந்துணியை விடாமல் மறுபடி மறுபடி பயன்படுத்தும் பழக்கத்தை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

எந்தத் துணியைப் பயன்படுத்தலாம்?

முதலில் உங்கள் வீட்டில் இருப்பதைப் பாருங்கள். நவராத்திரிக்குக் கொலு பார்க்கப் போய்வந்தவர் வீட்டில், வெற்றிலை பாக்கோடு வாங்கிவந்த ரவிக்கைத் துணிகள் ஒரு தட்டு முழுவதும் அடுக்கப்பட்டிருக்கும். அடுத்த ஆண்டு வேறொருவருக்கு வைத்துக்கொடுக்கவே அவை காத்திருக்கின்றன. அவற்றில் பருத்தியானவை ஒட்டுப்போர்வைக்கு மிகவும் உகந்தவை. பருத்தியா என்று அறிய, ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, குறட்டால் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு மென்மையான சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கடுமணியாக உறையும். கலப்புத் துணி வேண்டாம் என்பது என் கருத்து. நம் ஊர் வியர்வைக்கு அது ஒத்துவராது. இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் பருத்தியோடு சேர்ந்து படியவும் செய்யாது.

நூல்புடவைகளில் செட்டிநாட்டுக் கண்டாங்கியின் கட்டமும் அகலக் கரையும் ஒட்டுப்போர்வையில் மிக அழகாக அமையும். மதுரைச் சுங்குடியின் புள்ளிகள் சிறு சதுரத்திலும் தெளிவாகத் தெரியும். மல் துணி மென்மையானது, ஆனால் வெட்டும்போது நழுவும். கஞ்சி போட்டு இஸ்திரி செய்தபின் வெட்டினால் சொன்னபடி கேட்கும். சட்டை, வேட்டி, பள்ளிச் சீருடை எதுவும் விலக்கல்ல. வேட்டியின் கரையைத் தனியே எடுத்து, போர்வையின் நான்கு ஓரங்களையும் மூடும் பட்டியாக வைக்கலாம்.

பட்டுப் புடவை பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பழைய காஞ்சிப் பட்டு மடிப்பு மடிப்பாக விட்டுப்போகும். கனமான ஜரிகைக் கரை மெல்லிய உடலை இழுப்பதால் கிழிசல் இன்னும் விரைவில் வரும். அதைத் துவைக்கும் போர்வையில் சேர்க்காதீர்கள். பின்புறம் சூட்டில் ஒட்டும் ஃபியூசிங் துணியை ஒட்டிப் பலப்படுத்தி, சுவரில் மாட்டும் படமாகவோ தலையணை உறையின் முகப்பாகவோ தைத்துக்கொள்ளுங்கள். "பழைய பட்டுப்புடவை வாங்கப்படும்" என்ற பலகையைப் பார்த்து ஜரிகை விலைக்குக் கொடுப்பதற்கு முன்னால், முந்தானையை மட்டுமாவது வெட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெட்டுவதற்கு முன் துணியைத் துவைத்தே ஆக வேண்டுமா?

துவைத்தே ஆக வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் நீர் புகுந்தபோது, பீரோவின் கீழ்த்தட்டில் நான் தைத்து முடித்த போர்வை ஒன்று இரண்டு நாள் நனைந்து கிடந்தது. அதில் இருந்த அரக்குநிறக் கட்டத் துணி ஒன்றை மட்டும், புதுத்துணிதானே என்று துவைக்காமல் வெட்டியிருந்தேன். எடுத்துப் பிரித்தபோது அதன் நிறம் சுற்றியிருந்த எட்டுச் சதுரங்களுக்கும் இறங்கி, வெள்ளை இருந்த இடமெல்லாம் ரோஜாநிறம் படிந்திருந்தது. பலமுறை அலசியும் அந்தக் கறை முழுதாகப் போகவில்லை. என் மகள் இன்றும் அதைத்தான் போர்த்திக்கொள்கிறாள்.

உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. சாயமேற்றும் வேளையில் நூலுக்குள் சாயம் ஏற உப்பு உதவுவது உண்மைதான். ஏற்கெனவே சாயமேற்றி முடித்த துணியில் அது சாயத்தைப் பூட்டுவதில்லை. நீர் தெளியும்வரை அலசுவதே வழி. அலசியபின் ஈரத்துணியை ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி அழுத்துங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறவில்லை என்றால் வெட்டலாம். ஐந்தாறு முறை அலசியும் நிறம் விடும் துணியை, எவ்வளவு அழகாக இருந்தாலும், போர்வையில் சேர்க்காதீர்கள்.

முதல் போர்வைக்கு எளிய அளவு எது?

36 அங்குலத்திற்கு 45 அங்குலம். இரண்டு வழிகளிலும் இந்த அளவைச் செய்யலாம்.

புடவை வழியில் கத்தரிக்கோலே வேண்டாம். ஆறு கஜப் புடவை 216 அங்குல நீளம். அதை 36 அங்குலத்திற்கு ஒருமுறை விசிறிபோல் மடித்தால் ஆறு அடுக்குகள் கிடைக்கும். அகலம் ஏறக்குறைய 45 அங்குலம் இருக்கும். ஃபால்ஸை மட்டும் மறக்காமல் பிரித்துவிடுங்கள். ஒன்பது கஜமாக இருந்தால் 81 அங்குலத்திற்கு மடித்து நான்கு அடுக்காக்கினால், வளர்ந்தவர் ஒருவர் போர்த்திக்கொள்ளும் போர்வையே கிடைத்துவிடும். முந்தானை மேலே வரும்படி மடிப்பது எங்கள் பாட்டியின் வழக்கம். மடித்ததைத் தரையில் விரித்து, சுருக்கமில்லாமல் நீவி, நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பெரிய பெரிய தையல்களாகத் தற்காலிகமாக நூலோட்டிக்கொள்ள வேண்டும். பிறகு அரை அங்குல இடைவெளியில் வரி வரியாக ஓட்டுத் தையல். 36 அங்குல நீளத்தில் 90 வரிகள் வரும். ஊசி கடக்கும் தூரம் மட்டும் சுமார் 82 மீட்டர். நாளொன்றுக்கு ஒரு வரி என்று வைத்துக்கொண்டால் மூன்று மாதம். மூன்று மாதமா என்று மலைப்பவர்களிடம், ஒரு வரிக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது என்று சொல்வேன். சோறு பொங்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

துண்டு வழியில் 5 அங்குலச் சதுரங்கள் 80 வெட்டுங்கள். ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போக, நாலரை அங்குலம் நிற்கும். வரிசைக்கு எட்டாகப் பத்து வரிசை இணைத்தால் அதே 36-க்கு 45 வரும். 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துணி ஒன்றில், அதன் அகலம் 90 சென்டிமீட்டர் இருந்தால், 42 சதுரங்கள் வெட்டலாம். ஆனால் இரண்டே துணியில் முடிப்பதைவிட, பத்துத் துணிகளிலிருந்து எட்டெட்டாக எடுத்தால்தான் பார்க்க நிறைவாக இருக்கும். அந்தக் கால் அங்குலத்தில் மட்டும் கவனம் சிதறக் கூடாது. ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு நூலளவு தவறினாலும் எட்டாவது சதுரத்தில் வரிசை கோணிவிடும். என் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்திற்கு ஆறுக்குப் பத்தாக அறுபது சதுரங்களில் ஒரு போர்வை தைத்தேன். முதல் மூன்று வரிசைகளை இரண்டு முறை பிரித்துத் தைக்க நேர்ந்தது.

தையல் இயந்திரம் அவசியமா?

இல்லை. துண்டுகளை இணைக்க மிதி மெஷின் இருந்தால் வேலை விரைவாகும், பழைய உஷா மெஷினே போதும். 14-ஆம் எண் ஊசி போடுங்கள். அடுக்குகளைப் பிணைக்கும் வேலையைக் கையால் செய்வதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் கைத்தையலில் துணி குழைவாக விழும். கையால் தைப்பவர்கள் நடுவிரலில் உலோகக் குப்பி மாட்டிக்கொள்ள வேண்டும். தையற்காரர்கள் அதை அங்குஸ்தான் என்பார்கள். கோடு போடச் சாக்கட்டி இல்லாவிட்டால், குளித்துத் தேய்ந்த சோப்புச் சில்லே போதும். முதல் துவைப்பில் மறைந்துவிடும்.

நடு அடுக்கில் இலவம்பஞ்சு வைக்கலாமா?

வேண்டாம். இலவம்பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் அருமையானது, ஆனால் அதன் இழை குட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால் ஒன்றையொன்று பற்றாது. போர்வைக்குள் நகர்ந்து ஒரு மூலையில் திரண்டுவிடும், துவைக்கவும் முடியாது. நம் ஊருக்கு நடு அடுக்காக ஒரு பழைய நூல்புடவையோ மெல்லிய ஃபிளானல் துணியோ போதும்.

பொருள்களை எங்கே வாங்குவது?

பாரிமுனையை ஒட்டிய கோடவுன் தெருவில் பாப்ளின், கேம்பிரிக், காடாத் துணி எல்லாம் மொத்த விலையில் கிடைக்கும். சில கடைகளில் மீட்டர் கணக்கில் கொடுப்பார்கள், சில கடைகளில் முழுத் துணிச்சுருளாகத்தான் தருவார்கள். நிறம் பொருந்த ஒன்றிரண்டு துண்டு மட்டும் வேண்டுமென்றால் தியாகராய நகர், பாண்டி பஜார் மேட்சிங் கடைகளில் டூ பை டூ துணி வாங்கலாம். கைத்தறிப் புடவைக்கு, 1935 முதல் இயங்கிவரும் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. செலவே இல்லாமல் வேண்டுமென்றால் உங்கள் தையற்கடை அண்ணனிடம் சொல்லிவைத்தால் வெட்டுத்துணியை ஒரு பையில் சேர்த்துவைப்பார். பிறர் தைத்தவற்றைப் பார்த்துப் பழகுவதும் முக்கியம். 2019-இல் சென்னையில் நடந்த இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவலுக்குப் பிறகுதான் இந்த நகரத்தில் எத்தனை பேர் தைக்கிறார்கள் என்பதே பலருக்குத் தெரியவந்தது.

மறைந்த அம்மாவின் புடவையை வெட்ட மனம் வரவில்லை. என்ன செய்வது?

மனம் வரும்வரை வெட்டாதீர்கள். அதற்கு முன் உடன்பிறந்தவர்கள் எல்லோரிடமும் பேசுங்கள். சில வீடுகளில் இறந்தவர் உடுத்திய துணியை வைத்துக்கொள்வதில்லை. அதை மதிக்க வேண்டும். வேறு சில வீடுகளில், உங்களுக்கு வெறும் வீட்டுப்புடவையாகத் தெரிவது தங்கைக்கு அம்மா தன்னைப் பள்ளியில் விட வந்த நாளின் புடவையாக இருக்கும். எங்கள் அத்தைகள் மூவரும் உட்கார்ந்து பாட்டியின் பதினொரு புடவைகளையும் கூடத்தில் விரித்து, எது யாருக்கு என்று பேசி முடிக்க ஒரு முழுப் பகல் ஆனது. எட்டை வெட்டினோம், மூன்றை முழுதாக வைத்துக்கொண்டோம். வெட்டத் தயங்குபவர்களுக்கு, மேலே சொன்ன புடவையை மடித்துத் தைக்கும் வழி இருக்கிறது. அதில் ஓர் இழைகூட வெட்டுப்படாது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் தெருவில் வரும்போது, பாட்டியின் நூல்புடவைகளை மூட்டையாகத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவர் செய்வது நல்ல தொழில், வேண்டாத பாலியெஸ்டரைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் நாற்பது ஆண்டு துவைத்துப் பதமான பருத்தியைப் பிறகு எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

குழந்தை பிறப்பதற்கு முன்பே போர்வை தைக்கலாமா?

பிறக்கும் முன் குழந்தைக்கென்று எதையும் புதிதாக வாங்கக் கூடாது என்று பல வீடுகளில் கருதுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பழம்புடவை புதியது அல்ல என்பதால் தைக்கத் தடையில்லை. ஆனால் கடைசி வரியைத் தைக்காமல் ஊசியோடு விட்டுவைப்போம். குழந்தை பிறந்து, செய்தி வந்தபின் அந்த வரியைத் தைத்து முடிச்சிடுவார் பாட்டி.

ஓர் எச்சரிக்கை. ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும்போது அதன் மேலோ அருகிலோ போர்வை எதுவும் தளர்வாகக் கிடக்கக் கூடாது. முகத்தை மூடி மூச்சைத் தடுக்கும் ஆபத்து உண்டு. விழித்திருக்கும் வேளையில் நம் கண்முன் தரையில் விரித்து அதன்மேல் கிடத்தவும், குப்புற விழுந்து பழகவும் மட்டும் பயன்படுத்துங்கள்.

பிள்ளைகளையும் ஆண்களையும் எப்படி ஈடுபடுத்துவது?

ஊசியிலிருந்து தொடங்காதீர்கள். எட்டு வயதுப் பிள்ளையிடம் சதுரங்களைக் கொடுத்து, தரையில் பிடித்தபடி அடுக்கச் சொல்லுங்கள். கோலம் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது உடனே பிடிபடும். எங்கள் கூட்டத்தில் உள்ள ஆண்களில் ஒருவர் ஐ.சி.எஃப். இரயில் பெட்டித் தொழிற்சாலையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். எங்களில் யாரும் அவரளவுக்குத் துல்லியமாக வெட்டுவதில்லை.

எப்படித் துவைத்து எங்கே வைப்பது?

குளிர்ந்த நீர், மிதமான சோப்பு, முறுக்கிப் பிழியாமல் கொடியில் இரட்டையாகப் போட்டு உலர்த்துதல். ஐப்பசி, கார்த்திகை மழையில் துவைக்காதீர்கள். அடுக்குகளுக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். கஞ்சி போட்ட நிலையில் மடித்து வைத்தால் ராமபாணப் பூச்சி தேடி வரும். எல்லாவற்றையும்விட, எடுத்துப் பயன்படுத்துங்கள். பூட்டிவைத்த போர்வை மடிப்பில்தான் முதலில் கிழியும்.

பல ஆண்டுகளான போர்வை ஓரிடத்தில் நைந்துவிட்டது. சரிசெய்ய முடியுமா?

நைந்த துணியை வெட்டி எடுக்காதீர்கள். அதைவிட ஓர் அங்குலம் பெரிதாக மென்மையான துணி ஒன்றை வெட்டி, நான்கு ஓரமும் உள்ளே மடித்து, மேலே வைத்துச் சிறு தையலாகப் பதியுங்கள். பழைய ஓட்டுத் தையலின் வரி எங்கே போகிறதோ, அதே வரியில் புதுத்துணியின் மேலும் ஓட்டுங்கள். புத்தம்புதுத் துணி சுருங்கி இழுக்கும் என்பதால், சில காலம் உடுத்திய துணியே வேண்டும். என் பாட்டி தைத்த போர்வையில் இப்போது என் அம்மாவின் புடவைத் துண்டுகள் ஆறும், என் சுடிதார்த் துண்டுகள் இரண்டும் இருக்கின்றன. சென்ற மாதம் ஒரு மூலை விட்டுப்போனது. மகள் தன் கல்லூரிக் காலத்துக் குர்த்தாவை எடுத்து வந்து, வெட்டச் சொல்லி என்னிடம் நீட்டினாள்.